எழுப்பாமல் விட்டவர்கள்

இருபத்துமூன்று வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை தூக்கம். என் வயதுப் பெண்கள் கல்யாணம், வளையல், ஸ்கூட்டி என்று எதையெதையோ ஆசைப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் முழுக்க யாரும் கூப்பிடாமல் தூங்க வேண்டும் என்று மட்டும்தான் நான் ஆசைப்பட்டேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். சேதராப்பட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. பெல்ட்டில் மாத்திரை அட்டைகள் வந்துகொண்டே இருக்கும். பத்துப் பத்தாக எடுத்து, மடித்த காகிதம் ஒன்றைச் சேர்த்து, பெட்டிக்குள் போட்டு மூட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், நின்றபடியே. பகல் ஷிப்ட் ஒரு வாரம், ராத்திரி ஷிப்ட் ஒரு வாரம். உடம்புக்கு எது பகல் எது ராத்திரி என்றே மறந்துபோயிருந்தது. வாயைத் திறந்தால் எரிச்சல்தான் வரும். அந்த வருடங்களில் நான் நல்ல பெண்ணாக இருந்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

ஊர் பாகூர் பக்கம். தினமும் போய்வர முடியாது என்பதால் குருசுக்குப்பத்தில், கூட வேலை பார்த்த தோழியின் வீட்டு மாடியில், ஷீட் போட்ட ஒற்றை அறையில் தங்கியிருந்தேன். கீழே அவளும் அவள் அம்மாவும். அம்மா மீன் வாங்கி விற்பவர். அப்பா எட்டு வருடம் முன்பு கடலுக்குப் போனவர். கட்டுமரம் கரைக்கு வந்தது, அவர் வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள், பெல்ட்டில் நின்று அட்டைகளை எடுத்துக்கொண்டே. நானும் கை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டேன். நிறுத்தினால் சூப்பர்வைசர் கத்துவார்.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததல்ல, தானாக வந்தது. ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் திரும்பும்போது தூங்குகிறவளை அவள் இடம் வரும்வரை எழுப்பக் கூடாது. டிரைவர் அண்ணன் காலையில் பாட்டு போட மாட்டார். தேவையில்லாமல் ஹாரன் அடிக்க மாட்டார். முப்பது பெண்களும் எங்கெங்கே இறங்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். முன் சீட்டில் ஓர் அக்கா உட்காருவார், எங்களில் மூத்த பேக்கர். பஸ் மெதுவானதும் எழுந்து வந்து சரியான தோளைத் தொட்டு, "ஏம்மா, உன் எடம் வந்துடுச்சு" என்பார். பக்கத்தில் இருப்பவள் தலை நம் தோளில் விழுந்தால் நாம் அசையக் கூடாது. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் வெயில் வரும் பக்கம் ஷட்டரை இறக்கிவிட வேண்டும். நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவேனாம். அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள், ஆனால் எழுப்ப மாட்டார்கள். பெற்ற அம்மாகூட என்னை அவ்வளவு பத்திரமாகத் தூங்கவிட்டதில்லை. ஊரில் ஐந்து மணிக்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுப்பிவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில் தபால் வழியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தாளும் முடிந்து புள்ளியியல் ஒன்று மட்டும் நின்றது, இரண்டு தடவை எழுதியும் போய்விட்டது. மேனேஜர் ஒரு நாள் சொல்லியிருந்தார்: "டிகிரிய முடிச்சிட்டு வாம்மா. ஸ்டோர்ஸ்ல கிளார்க் சீட்டு ஒண்ணு காலியாவுது, உனக்குப் பாக்குறேன்." அந்த ஸ்டோர்ஸை நான் போய்ப் பார்த்தேன். சுழலும் நாற்காலி ஒன்று, மேலே ஒரு ஃபேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே தோன்றவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தால் போதும், கால் வீக்கம் வடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு தாள் எழுதித் தேறினால் நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் பெல்ட்டுதான்.

முதல் முறை எழுதியபோது பஸ் முழுக்கத் தெரியும். தேறாமல் போனபோது முப்பது பேரிடமும் முப்பது தடவை "போயிடுச்சு" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருத்தியும் "அய்யோ பாவம்" என்றாள். எனக்கு யாராவது பாவம் பார்த்தால் பிடிக்காது, பற்றிக்கொண்டு வரும். அதனால் பிறகு யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் முறை எழுதுவது தோழிக்கு மட்டும்தான் தெரியும்.

தேர்வுத் தேதி மாசி மகத்தன்று வந்து விழுந்தது. பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுடையது, எங்கள் ஊர் விசேஷமெல்லாம் அவர்களுக்கு எதற்கு? கம்பெனிக்கும் அன்று விடுமுறை இல்லை. எனக்கு லீவு ஒன்றும் மிச்சமில்லை, போட்டால் கான்ட்ராக்டிலிருந்து தூக்கிவிடுவார்கள். அந்த வாரம் எனக்குப் பகல் ஷிப்ட், தோழிக்கு ராத்திரி.

"மாத்திக்கலாம்டி" என்றாள் அவள். "மொத நாள் ராத்திரிக்கு என் ஷிப்டுக்கு நீ போ. மறுநாள் பகலுக்கு உன்னுதுக்கு நான் போறேன், அன்னிக்கு ராத்திரி எனக்கு வார லீவுதான். தலை எண்ணிக்கை சரியா இருந்தா அந்த சூப்பர்வைசர் ஆளு ஒண்ணும் சொல்ல மாட்டான்."

மாசி மகத்தன்று சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடலுக்குக் குளிக்க வரும். சாமி முழுகும் நேரத்தில் அவளும் வருடா வருடம் கடலில் இறங்கி, வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி விட்டு, அப்பா பேரைச் சொல்லி மூன்று முழுக்குப் போடுவாள். அவருக்கென்று அவள் செய்வது அது ஒன்றுதான், வேறு திதியோ சமாதியோ இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் "உனக்கு மாசி மகம் ஆச்சே" என்று இழுத்தேனே தவிர, வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

"அம்மா போவும்" என்றாள்.

தேர்வுக்கு முதல் நாள் எனக்கு வார விடுமுறை. புத்தி இருந்தால் பகலில் தூங்கியிருக்க வேண்டும். நான் புள்ளியியலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே போய் ராத்திரி முழுக்க நின்றேன். தேர்வு லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில், ஒன்பதரைக்கு. பத்து மணி வரை உள்ளே விடுவார்கள். எங்கள் பஸ் ஒன்பதுக்குள் லாஸ்பேட்டையைத் தாண்டும், நான் பாட்டுக்கு இறங்கிக்கொள்வதாகத் திட்டம். டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் எதற்கு என்று கேட்பார், பஸ் முழுக்கத் தெரிந்துவிடும். கோரிமேடு வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

பிறகு தோளில் அக்காவின் கை. "ஏம்மா, மணிக்கூண்டு வந்துடுச்சு, எழுந்திரு."

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுதான் நான் தினமும் இறங்கும் இடம். என் முகத்தில் வெயில் படாமல் யாரோ துப்பட்டாவைப் போர்த்தியிருந்தார்கள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மணியைப் பார்த்தேன். ஒன்பது இருபத்தைந்து. திருவிழாக் கூட்டத்தில் பஸ் நின்று நின்று வந்திருக்கிறது. லாஸ்பேட்டை எப்போதோ போய்விட்டது.

நான் கத்தினேன். "ஏன் யாருமே எழுப்பல? கண்ணு இல்லியா உங்களுக்கெல்லாம்? லாஸ்பேட்டையில எனக்குப் பரீட்சை! போச்சு, எல்லாம் போச்சு!"

அக்கா என்னையே பார்த்தார். "உன் எடம் இதானம்மா. அசந்து தூங்கினியே, லாஸ்பேட்டையில பஸ்ஸு குலுங்கினப்பகூட உன் தலைய நான்தான் புடிச்சிகினு இருந்தேன்" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

மணிக்கூண்டைத் தாண்டி அரியாங்குப்பம் வரை போக வேண்டியவர்கள் பதினைந்து பேர் பஸ்ஸில் இருந்தார்கள். என் சத்தத்தில் எல்லோரும் விழித்துவிட்டார்கள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். கடைசி சீட்டிலிருந்து ஒருத்தி, "திருப்புங்கண்ணா, போலாம்" என்றாள். கைக்குழந்தைக்காரி. பன்னிரண்டு மணி நேரமாகப் பால் கட்டிக்கொண்டு, மார்பைக் கையால் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். அவளே சொன்ன பிறகு வேறு யார் வாயைத் திறப்பார்கள்? ஒருவரும் இறங்கவில்லை. பஸ் திரும்பியது.

எதிரே சாமிகள் வந்துகொண்டிருந்தன. ஊர் ஊராக டிராக்டரில், மாட்டு வண்டியில், மேளத்தோடு. நாங்கள் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனோம். ஓரிடத்தில் மயிலத்து முருகன் வந்து நின்றார், பஸ் நகரவே இல்லை. அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இரண்டு கையையும் கூப்பி, "முருகா, பொண்ணு பரீட்சைக்குப் போவுது, வழிய உடுப்பா!" என்று கூவினார். பஸ்ஸில் எல்லோரும் கைகூப்பினார்கள். தூக்கக் கலக்கத்தில் கண்கள் சிவந்து, முடி கலைந்து, எனக்காக. சாமியோடு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே, கூட்டத்தைத் தடுக்கச் சாமியைச் சுற்றிப் பிடித்திருந்த கயிற்றை ஒதுக்கிப் பிடித்தார்கள். நான் கும்பிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தேன், அவமானமாக இருந்தது.

பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கல்லூரி வாசலில் இறங்கினேன். ஓடியபோது பின்னால் "நல்லா எழுதும்மா!" என்று பதினைந்து குரல்கள் கேட்டன. திரும்பிப் பார்க்கவில்லை, நன்றி சொல்லவில்லை. உள்ளே போய்க் கேள்வித்தாளை மூன்று முறை படித்த பிறகுதான் எழுத்துகள் நின்றன. தெரிந்த கணக்கையே இரண்டு இடத்தில் தப்பாகப் போட்டேன் என்று வெளியே வந்ததும் தெரிந்தது.

தோழி ஷிப்ட் முடிந்து வந்ததும் மாடிக்கு ஏறி வந்து, "எப்டி எழுதின?" என்றாள். நன்றாக எழுதினேன் என்று பொய் சொன்னேன். அவள் சந்தோஷமாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "சாமி முழுவற நேரத்துக்கு லைன்லயே ஒரு நிமிஷம் கண்ண மூடிகினேன்டி. அஞ்சு அட்டை உழுந்துடுச்சு, அந்த ஆளு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டான்" என்று சிரித்தாள்.

அதன்பிறகு பஸ்ஸில் ஏறினாலே "ரிசல்ட் வந்துச்சா?" என்பதுதான். கைக்குழந்தைக்காரி, டிரைவர் அண்ணன், அக்கா, ஒருவர் பாக்கியில்லை. இப்போது அது என் பரீட்சை இல்லை, எல்லோருடைய பரீட்சை. வைகாசி வாக்கில் லாஸ்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் ரிசல்ட் பார்த்தேன். நாலு மார்க்கில் போயிருந்தது.

மறுநாள் பஸ்ஸில் சொன்னேன். இம்முறை யாரும் "பாவம்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அக்கா, "நான்தான் எழுப்பாம உட்டுட்டேன்" என்றார். டிரைவர் அண்ணன், "அந்த முருகன் வந்த ரோட்டுல போவாம குறுக்கால பூந்து போயிருக்கணும், எனக்குத் தோணல" என்றார். தேறியவள் நன்றி சொல்வது சுலபம், ஒரு மிட்டாய் டப்பாவை நீட்டினால் முடிந்தது. அவ்வளவு பேர் உடம்பு நோக எனக்குக் கொடுத்ததை வீணாக்கிவிட்டு, அதற்கு என்ன சொல்வது? தப்பு என்னுடையது, சொல்லாமல் மறைத்தேன் என்று சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார், நம்பியதாகத் தெரியவில்லை. ஸ்டோர்ஸ் நாற்காலிக்கு அடுத்த மாதம் வேறொரு பெண் வந்தாள். அவள் மேல் எனக்குப் பொறாமைகூட வரவில்லை, அவ்வளவு களைத்திருந்தேன்.

தோழியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் வேறு ஷிப்டில் இருந்ததால் மூன்று நாள் தப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டு வாசலில் அவள் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னேன். தேறவில்லை என்றேன். அன்று பொய் சொன்னேன் என்றேன். "உங்கப்பாவுக்கு முழுவாம எனக்காகப் போன. அத வீணாக்கிட்டேன்டி" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அந்த வருடங்களில் எத்தனையோ ஆத்திரத்துக்கு அழுதிருக்கிறேன். ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, அவள் மேல் உள்ள அன்பில் அழுதது அன்றுதான்.

அவள் செதில் ஒட்டிய கையால் மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சுரண்ட ஆரம்பித்தாள்.

"சாமி அடுத்த வருஷமும் கடலுக்கு வரும்" என்றாள். "எங்கப்பாவும் அங்கதான் இருக்காரு, எங்க போயிடப் போறாரு? உன் பரீட்சைதான் ஓடிப்போயிடும். அடுத்தது எப்பன்னு சொல்லு. எந்த நாளா இருந்தாலும் மாத்திக்கலாம்."

எனக்குத் தேதி தெரிந்திருந்தது. சொன்னேன்.