கணப்பில் எரிந்த சாட்சி

கோத்தகிரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் இருக்கிறது என் வீடு. புயலில் ஒரு சில்வர் ஓக் மரம் விழுந்து கூரை ஓடுகளை நொறுக்கிவிட்டது. பொதுக் கூரையைக் குடியிருப்போர் சங்கம்தான் சரிசெய்ய வேண்டும் என்றேன் நான். அது உங்க பாடு என்றார் கீழ்வீட்டுக்காரர். அந்தச் சண்டைக்கு நடுவே வந்தார் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர்.

குரங்குக் குல்லா போட்ட ஒல்லியான மனிதர். காய்ச்சல் பார்ப்பதுபோல ஒவ்வொரு சுவரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

“ஓடு பழசா இருந்தாலும் இப்படித்தானுங்க ஒழுகும். விழுந்த மரம் எங்கீங்க?”

“வழிய மறிச்சுக் கெடந்துச்சுங்க. வெட்டிட்டோம்,” என்றார் கீழ்வீட்டுக்காரர்.

“வெட்டுன கட்டையெல்லாம்?”

குளிருக்கு ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தோம். என் வீட்டுக் கணப்பிலும் அதுதான் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதன் முன்னால் குந்திக் கைகளைச் சூடுபடுத்திக்கொண்டார்.

“மரத்தக் காட்டாம நான் என்னங்க எழுதறது?”

கீழ்வீட்டுக்காரர் சட்டென்று வெளியே போனார். திரும்பியபோது தோளில் இரண்டு கட்டைகள் இருந்தன. அவரைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் எடுத்து வந்தார்கள். வாசலில் ஒரு குவியல் எழுந்தது. சர்வேயர் ஒரு கட்டையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், படம் எடுத்தார், ஜீப்பில் ஏறினார்.

நம்பினாரா என்று தெரியவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் முடிவும் இன்னும் வரவில்லை. இந்தக் குளிரிலும் அந்தக் குவியலிலிருந்து ஒருவரும் ஒரு கட்டைகூட எடுக்கவில்லை.