விசில் பழகிய மூன்று சனிக்கிழமைகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு குடிநீர்த் திட்டத்தில் படவரைஞராகப் பயிற்சி பெற்றேன். அங்கே வேலை செய்த அயர்லாந்துக்காரப் பெண் பொறியியலாளர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, ஒரு டின் விசிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆறு துளையுள்ள சின்னத் தகரக் குழல். எந்தச் சுரத்துக்கு எந்தத் துளையை மூடுவது என்று வட்டங்கள் போட்ட ஒரு தாளும் கூட இருந்தது.

பட்டியல் போடாமல் எனக்கு எதையும் தொடங்க வராது. கொப்பியில் எழுதினேன்: துளையை விரலின் சதையால் மூட வேண்டும், கீழிருந்து ஒவ்வொரு விரலாக எடுக்க வேண்டும், மூச்சை அடக்கி ஊத வேண்டும். அதைவிட நீளமான பட்டியல் மறு பக்கத்தில் இருந்தது: வீட்டில் ஆள் இல்லாத நேரம், உட்கார வேண்டிய அறை, சாத்த வேண்டிய யன்னல்கள். கல்முனைக்குடியில் கலியாண வயதில் ஒருத்தி விசில் ஊதுகிறாள் என்றால் உம்மா அதை முறித்தே போட்டிருப்பார்.

சனிக்கிழமை காலையில் வாப்பா கடைக்குப் போவார். உம்மா மருதமுனையில் இருக்கும் என் மூத்த ராத்தா வீட்டுக்குப் போவார். தெருப்பக்க யன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுப் பின்னறையில் உட்கார்ந்தேன். மூன்று சுரம் ஒழுங்காக வந்தது. நாலாவதில் மோதிர விரல் வழுக்கிக் கீச்சென்று கத்தியது. திரும்பவும் முதலிலிருந்து. மூன்று சனிக்கிழமைகள் அதே நாலாவது சுரத்தில் விழுந்துகொண்டிருந்தேன்.

எங்களுடையது பாதி வீடு. உம்மாவுக்கும் அவருடைய தங்கையான சாச்சிக்கும் சீதனமாகக் கொடுக்க ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்திருந்தார்கள். சுவர் கதவு நிலைக்கு மேலே ஒரு முழத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை. அந்தப் பக்கம் சாச்சி, புருஷன் இறந்தால் இருக்கும் இத்தாவில் இருந்தார். சாச்சா மவுத்தாகி மூன்று மாதம். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அவர் வாசல் தாண்ட மாட்டார். ரேடியோவைக்கூடத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

நாள் முழுக்கக் குறுக்குவெட்டுப் படம் வரைகிற எனக்கு என் சொந்த வீட்டின் குறுக்குவெட்டு நினைவுக்கு வரவில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. சத்தம் அந்தப் பக்கம் போகும் என்று தெரியும். சாச்சியால் எழுந்து வந்து கேட்க முடியாது என்பதும் தெரியும்.

மூன்றாவது சனிக்கிழமை, நாலாவது சுரம் கத்தி ஓய்ந்த நேரத்தில், சுவருக்கு மேலால் ஒரு குரல் வந்தது. சாச்சியின் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் உம்மா. இத்தா பார்க்க வந்திருக்கிறார்.

“என்ன இது, மவுத்து வீட்டுல ஊதுற சத்தம் கேக்குது?”

“அது கேத்தல். சவூதிக் கேத்தல், கொதிச்சா ஊதும்” என்றார் சாச்சி.

“கேத்தல் பிழைச்சுப் பிழைச்சு முதல்ல இருந்து ஊதுமா? மகள் எங்க?”

“குசினிக்குள்ள.”

“ம். வாப்பா போய் மூணு மாசம். நல்லா ஊதட்டும்.”

விசில் என் வாயில்தான் இருந்தது. “அது நான், மாமி” என்று ஒரு தடவை சத்தம் போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் உம்மாவோடு கூடப்பிறந்த மாமா வந்து சாச்சியின் மகளைத் திட்டியதும் அதே சுவருக்கு மேலால் கேட்டது. “பேசின சம்மந்தம் நிக்குதோ போகுதோ தெரியா. உனக்கு இப்ப ஊதுறதாடி வேணும்?” அவள் நான் ஊதல்ல, நான் ஊதல்ல என்று இரண்டு தடவை சொன்னாள். யார் ஊதியது என்று சொல்லவில்லை. சாச்சியும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருப்பதற்கான காரணங்களை எழுதிப் பார்த்தேன். உம்மாவுக்குத் தெரிந்துவிடும். நான் வேலை செய்யும் கந்தோரில் சிரிப்பார்கள். எனக்கும் ஒரு இடத்தில் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய சம்பந்தம் என்று மறு பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுத இருந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்ததும், விசிலைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன்.

அந்த மாமி முதலில் நம்பவில்லை. “தங்கச்சியைக் காப்பாத்தப் பொய் சொல்லாதங்க புள்ள. இந்தா, ஊதிக் காட்டுங்க பாப்பம்.”

முன்மண்டபத்தில், அவருடைய இரண்டு மகள்மாருக்கும் முன்னால் ஊதினேன். நாலாவதில் விழுந்தேன்.

“அல்லாவே, அதே கேத்தல்தான்!” மகள்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “சரி, நம்புறன். அண்டைக்கே ஏன் சொல்லல்ல? அந்தப் புள்ளையப் பத்தி நான் நாலு வீட்டுல கதைச்சுட்டன்.”

“அந்த நாலு வீட்டுக்கும் நீங்க சொல்லிருங்க மாமி” என்று மட்டும் கேட்டேன். “ஓம்” என்றார்.

சம்பந்தம் போகாமல் நின்றது. நான் திரும்பி வருவதற்குள் செய்தி எங்கள் வளவுக்கு வந்துவிட்டது. நேரே சாச்சியின் பக்கம் போனேன். சாச்சி கட்டிலில் வெள்ளை உடுப்போடு இருந்தார்; என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுத் தஸ்பீஹ் மணியை உருட்டினார். மகள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் நிலையில் சாய்ந்து நின்றேன். மன்னித்துக்கொள் என்ற சொல் வாய்வரை வந்தது.

அவள் நிமிரவில்லை.

“இண்டைக்குத்தான் போய்ச் சொன்னீங்களாமே ராத்தா.”

“ஓம்” என்றேன்.

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.