முடிவைக் கேட்பவர்

நாமக்கல்லில் ஒரு புத்தகக் கடையில் மாதம் ஒரு ஞாயிறு காலை நாங்கள் சிலர் கூடி, கடைக்காரர் பரிந்துரைத்த புது நாவலைப் பற்றிப் பேசுவோம். வெண்ணந்தூரிலிருந்து ஒருவர் வருவார். விசைத்தறிப் பஞ்சு ஒட்டிய சட்டை, தூக்கம் கெட்ட கண்கள். புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "முடிவு என்னாச்சுங்க?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் ஏன் என்று கேட்டேவிட்டேன்.

"எம் புள்ள இங்க ஹாஸ்டல்ல டாக்டர் சீட்டுக்குப் படிக்குதுங்க. கதைப் புஸ்தகம் உள்ள உடமாட்டாங்க. அதுக்குக் கதைன்னா உசுரு. மத்தியானம் பாக்கப் போறப்ப வாயாலயே சொல்லிட்டு வாரேனுங்க."

அதற்குப் பிறகு அவருக்காகவே முழுக்கதையையும் நிதானமாகச் சொன்னேன்.

போன மாதம் கடைக்காரர் அடுத்த நாவலைக் காட்டியபோது வெண்ணந்தூர்க்காரர் தலையசைத்து மறுத்தார்.

"இனிமே கதை வேண்டாமுங்க. போன தடவ பாதிக் கதையிலயே, 'இது பரீட்சைக்கு வருமுங்களாப்பா?'ன்னு கேட்டுச்சுங்க. வராது சாமின்னேன். 'அப்பறம் எதுக்குங்கப்பா?'ன்னுருச்சு. அங்க கொண்டுபோயிச் சேத்துனதும் நாந்தானுங்களே."

இந்த மாதம் அவர் வரவில்லை. முடிவை யாரும் கேட்கவில்லை. நாங்களும் அதைப் பேசாமலே எழுந்துவிட்டோம்.