காலி டிரம்மில் உருண்ட கல்

என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். எங்கே ஒற்று வரும், எந்த ர வரும் என்று இன்றும் தடுமாறுவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள். பிழைகளைத் திருத்தியும் கொள்ளுங்கள். கீழே வரும் உவமையில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஒரு டீச்சர் இருந்தார். கேஜ் பெயர்ச்சொல், இறங்குகிறது வினைச்சொல் என்று அவர் சொன்னால் எங்களுக்கு உடனே புரியும். எல்லார் அப்பாவும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி, ஷாஃப்ட் வழியாகச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள். பிறகு உவமை வந்தது. ஆண்டு விழா மேடையில் ஆளுக்கு ஓர் உவமை சொல்ல வேண்டும் என்றார். விழாத் தலைவர் சுரங்க டாக்டர். நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, யார் கீழே இறங்கலாம் என்று முடிவு செய்பவர். அவர் கூடாது என்றால் மேலே எடுபிடி வேலைதான், கூலியும் குறைவு.

மற்றவர்கள் நிலா, மயில், தாமரை என்று எடுத்துக்கொண்டார்கள். தாமரையை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. வகுப்பில் வாயே திறக்காத நான் அன்று எழுந்து சொன்னேன்: "காலி டிரம்மில் கல் உருள்வது போல என் அப்பா இருமுவார்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"அது வேணாம். அம்மா முகம் நிலா போலன்னு சொல்லு."

"எங்கம்மா மூஞ்சி அப்படி இல்ல டீச்சர்."

"சொன்னா கேளுடா."

"நான் சொன்னதுல இன்னா தப்பு?"

நிலாவைச் சொல்லும் வரை வெளியே நிற்கச் சொன்னார். விழா வரைக்கும் வெளியேதான் நின்றேன்.

வீட்டில் முறையிட்டேன். எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். அப்பா அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "மெதுவா சொல்லு" என்றார். உவமையைக் கேட்டதும் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லாத்தான் கீது" என்றார் அப்பா. "ஆனா மேடைல நிலாவே சொல்லு கண்ணு. டீச்சர் நல்லவங்க."

என் பக்கம் நிற்பார் என்று நம்பியிருந்தேன். அன்று அவர் கூப்பிட்டும் நான் சாப்பிட உட்காரவில்லை.

விழாவில் என் முறை வந்தது. பக்கத்து நாற்காலியில் டாக்டர். ஓரத்தில் டீச்சர், "நிலா, நிலா" என்று வாயசைத்தார். என் உவமை வேண்டாமென்றால் அவர்கள் உவமை எனக்கும் வேண்டாம். வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

"இன்னாடா, நாக்கு ஷாஃப்ட்ல வுழுந்துடுச்சா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். டாக்டர்கூடச் சிரித்தார். நான் அசையவில்லை.

கடைசி வரிசையில் அப்பா நின்றிருந்தார். துண்டைச் சுருட்டி வாயில் அழுத்தியிருந்தார். தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் வழிந்தது. அவரும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று அன்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

மேடையில் சொல்லாததை எழுதிவிட்டேன். எழுதிய நாள், தை மாதக் கடைசி ஞாயிறு.