அரப்பும் கல்மாவும்

எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள கரட்டில் உசிலை மரங்கள்தான் அதிகம். அரப்பு மரம் என்றால்தான் எங்கள் பக்கத்தில் தெரியும். மண்ணைவிடச் சரளைக்கல் மிகுந்த மேடு அது. வெள்வேலமும் கிளுவையும் அங்கங்கே நிற்கும். ஆடு கடித்தாலும் அரிவாள் பட்டாலும் உசிலை மறுபடி துளிர்த்துவிடும். புளியந்தழை போலச் சின்ன இலை. அரைத்துத் தேய்த்தால் தலையில் எண்ணெயும் அழுக்கும் நிற்காது.

என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். போர் போட வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். எத்தனை முறை குளித்திருந்தாலும் பாறையைத் துளைக்கும்போது பறக்கும் கல்மாவு மயிர்க்கால்களில் ஒட்டியிருக்கும்.

“பாதிப் பாறையத் தலையிலயே கொண்டாந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க” என்பேன்.

“ஷாம்பு போட்டா களிமண்ணாட்டம் பெசஞ்சுக்குது. நீ அரப்ப அரை. இல்லீனா என் மண்டையிலயே போர் போட வேண்டியதுதான்” என்பார்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். அவர் தலையைத் தேய்க்கும்போது மட்டும் நிறையப் பேசுவேன்.

போன கோடையில் ரிக் பைப் சரிந்து நெஞ்சில் விழுந்து, வேலை செய்த இடத்திலேயே இறந்துபோனார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. இறந்தவர் தலைக்கு எண்ணெயும் அரப்பும் வைப்பது எங்கள் வழக்கம். மாமியார் கடையில் பாக்கெட் வாங்கிவரச் சொன்னார். நான் பின்வாசல் வழியாகக் கரட்டுக்குப் போனேன். அந்தக் கல்மாவை என் கையால் ஒருமுறை எடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

கரட்டின் மறுபுறம் கல் உடைக்கும் கிரஷர் ஓடுகிறது. மரமெல்லாம் வெளுத்து நின்றது. இலையை ஒடித்து வந்து அலசினேன். தண்ணீர் பால்போல் ஓடியது. மிக்சியைப் போட்டதும் அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அரைத்து முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

பெட்டியை இறக்கிய டிரைவர், “தொறக்காதீங்க. ஐஸ் வெச்சு வந்திருக்குது, தாங்காது” என்றார்.

“அப்ப பொட்டி மேலயே வெச்சிரலாம்” என்றார் பெரிய மாமனார்.

“தலைய மட்டும் தொறங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாமியார் என் கிண்ணத்தைப் பார்த்தார். “தொறந்து உடு சாமி. அவ பாத்துக்கட்டும்” என்றார் டிரைவரிடம்.

மூடியை நகர்த்தினார்கள். அவருடைய சின்னம்மா எட்டிப் பார்த்து, “ஏஞ்சாமி, இந்த வயசுல இப்படி நரைச்சுப் போச்சே” என்று அழுதார்.

“நரையில்லீங்க. கல்மாவு” என்றேன்.

எண்ணெய் தொட்டு வைத்தேன். அரப்பை அள்ளி நெற்றியிலிருந்து உச்சிவரை தேய்த்தேன். தலை கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. வெள்ளைமேல் பச்சை திட்டுத் திட்டாக ஒட்டியதே தவிர, நுரைக்கவில்லை. சொம்பை எடுத்தேன்.

“தண்ணி மட்டும் ஊத்தாதீங்கம்மா” என்றார் டிரைவர். “அட்ட மாதிரிப் பலகை. ஊறுனா அடி கழண்டுக்கும்.”

சொம்பைக் கீழே வைத்தேன். மூடியைத் திரும்பப் பொருத்தினார்கள். அலசாத தலையோடுதான் போனார்.