இருநூற்றுப் பதினொன்றாம் அறை வக்கீலம்மா

அந்த ஓட்டலில் இரண்டாவது மாடிக்குப் பொறுப்பாக இருந்தவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. அறை சுத்தம் செய்யும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் சி.ஐ.டி. அக்கா. முகத்துக்கு முன்னால் அக்கா, முதுகுக்குப் பின்னால் சி.ஐ.டி. அதுவும் அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் அவள் என்ன சி.ஐ.டி.?

பத்தொன்பது வருஷமாகப் பிறத்தியார் படுத்து எழுந்த படுக்கைகளைப் பார்த்தே காலம் தள்ளியவள். எந்த ஜோடி ராத்திரி சண்டை போட்டது, எந்தப் பெரியவர் டாக்டருக்குத் தெரியாமல் இனிப்பு தின்கிறார் என்று குப்பைக்கூடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒருமுறை டை கட்டிய ஒருவர் குளியல் துண்டைப் பெட்டிக்குள் அமுக்கிக்கொண்டு கிளம்பினார். "சார், அது ஈரத் துண்டு, உங்க சட்டையெல்லாம் நனைஞ்சிடும், குடுங்க" என்று சிரித்த முகத்தோடே வாங்கி வைத்தாள்.

வீட்டிலும் இதே கதைதான். கணவன் ஏசி மெக்கானிக். அவன் சட்டையில் வியர்வை இல்லாவிட்டால் சந்தேகம், இருந்தால் அதைவிடச் சந்தேகம். "நீ என்னைக் கட்டிக்கிட்டியா, கைது பண்ணியா?" என்று அவன் கேட்பான். அதற்கும் அவள், "ஏன் இன்னிக்கு இதைக் கேக்கறே?" என்பாள். பாவம் அந்த மனுஷன்!

இப்படிப்பட்டவளின் மாடிக்குத்தான் புயலுக்குப் பயந்து வந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

கடற்கரையில் அதே முதலாளிக்கு இன்னொரு ஓட்டல் உண்டு. பெரும்புயல் வருகிறது, கரையோரத்தில் யாரும் இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டதும், அங்கே தங்கியிருந்த முப்பத்தெட்டு விருந்தினரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி, மூன்று மணி நேரம் உள்ளே தள்ளியிருந்த இந்த ஓட்டலுக்கு அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் காகிதப் பட்டை, அதில் எண். பட்டை இருந்தால் அறை, இல்லாவிட்டால் வாசல். வந்தவர்களில் பாதிப் பேருக்குப் புயல் என்கிற நினைப்பே இல்லை. ஒருவர் நீச்சல்குளம் திறந்திருக்கிறதா என்று கேட்டார். வானமே குளத்தை ஊற்றிக்கொண்டிருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? இன்னொரு அம்மாள், அங்கே கடல் தெரிகிற அறை கொடுத்திருந்தார்கள், இங்கேயும் அப்படித்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். "இன்னும் ரெண்டு நாள் பொறுங்கம்மா, கடலே இங்க வந்துடும்" என்று நாக்கு நுனிவரை வந்ததை அக்கா விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மூக்கில் வேர்த்தது.

இருநூற்றுப் பதினொன்றாம் அறை. பட்டியலில் போட்டிருந்தது ஒரு வக்கீலம்மா, தனியாக வந்தவர். அறையில் ஆளில்லை, காலைச் சாப்பாட்டுக்குக் கீழே போயிருக்கிறார். தள்ளுவண்டியோடு உள்ளே போன அக்கா கதவருகிலேயே நின்றுவிட்டாள். படுக்கை போட்டிருந்தது. சும்மா இழுத்து விட்டதல்ல. விரிப்பின் மூலைகள் தபால் உறை மாதிரி மடிந்து மெத்தைக்கடியில் போயிருந்தன. தலையணை உறைகளின் திறந்த வாய் கதவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது. குளியலறையில் துண்டுகள் மடிப்பு வெளியே தெரியும்படி அடுக்கியிருந்தன. கழிப்பறைக் காகிதச் சுருளின் நுனி முக்கோணமாக மடித்திருந்தது.

எந்த விருந்தாளி தன் படுக்கையைத் தானே போடுவாள்? அதுவும் அக்கா போடுவதைவிட நன்றாக? கை ரேகையை அழித்திருக்கிறாள், தடயத்தை மறைத்திருக்கிறாள் என்று அக்காவின் மனசு குதிரையாக ஓடியது. அப்படியானால் உண்மையான வக்கீலம்மா எங்கே? அங்கேயே கதையை முடித்துவிட்டு, பட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டு வந்துவிட்டாளா?

நடைபாதையில் காத்திருந்து ஆளைப் பிடித்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். சட்டை நல்ல விலையுள்ள துணி, ஆனால் தோள் அவளுக்குத் தொளதொளத்தது. விரல் நுனிகள் பிளீச்சிங் பவுடரில் வெந்த மாதிரி வெளுத்து வெடித்திருந்தன.

"வக்கீலம்மா, ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்று அக்கா குழைந்தாள். "எங்க கொழுந்தன் எங்க நிலத்துல ரெண்டு அடி தள்ளி வேலி போட்டுட்டான். என்ன பண்ணலாம்?"

அந்தப் பெண் திருதிருவென்று முழித்தாள். "பேசித் தீத்துக்கோங்க. கூடப் பொறந்தவங்களுக்குள்ள எதுக்குச் சண்டை?"

முடிந்தது. எந்த வக்கீல் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்வார்? அக்கா நேராகக் கீழே மேனேஜரிடம் போனாள்.

மேனேஜருக்கு அன்று தலைக்கு மேல் வேலை. புயல் கரையேறியும் அடங்காமல் இந்தப் பக்கமே திரும்பிவிட்டது. ஓட்டலுக்குப் பின்னால் ஓடும் ஆறு பொங்கிக்கொண்டிருந்தது, ஊருக்குள் போகிற பாலத்தை மூடிவிட்டார்கள். மூன்று மணிக்கு அதே பஸ் விருந்தினரை இன்னும் மேட்டிலிருக்கும் ஊருக்கு அழைத்துப் போகும்.

"பட்டியல்ல பேரு, கையில பட்டை, ரெண்டும் இருந்தாத்தான் பஸ்" என்றார். "வேத்து ஆள் யாராவது நுழைஞ்சிருந்தா கேட்டுக்கு வெளிய விட்டுடுங்க. நமக்குப் பொறுப்பில்ல."

"இருக்காங்க சார். இருநூத்திப் பதினொண்ணு. தன் படுக்கையத் தானே போட்டிருக்கா சார், மூலை மடிச்சு! சுருள்ல முக்கோணம் வேற!"

மேனேஜர் நிமிர்ந்தார். "அப்படியா? அரைமணியில நானே வந்து ரூமைப் பாக்கறேன். நீங்க சொன்னபடி இருந்தா உடனே வெளிய. ஆள் தப்பிக்காமப் பாத்துக்கங்க. அப்புறம், ஸ்டாஃப் எல்லாரும் கீழ லாண்டரி ரூம்ல இருந்துக்கங்க. கட்டடம் ஸ்ட்ராங், ஒண்ணும் ஆகாது."

"சரிங்க சார்" என்று பெருமையோடு மாடியேறினாள் அக்கா.

காவல் காக்க மனசு பொறுக்கவில்லை. தன் சாவியால் கதவைத் திறந்தாள். அந்தப் பெண் குளியலறையில் மண்டியிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். உள்மூலையிலிருந்து தொடங்கி, பின்னோக்கி நகர்ந்து, துடைத்த இடத்தில் கால் படாமல். அப்படித் துடைக்க அக்கா எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்துத் தோற்றிருக்கிறாள்!

"நீ வக்கீல் இல்ல."

துணி கையிலிருந்து நழுவியது. "இல்லக்கா."

"அந்த அம்மாவை என்ன பண்ணினே?"

"ஐயோ, ஒண்ணும் பண்ணலக்கா! அவங்க முன்னாடியே யாரோ தெரிஞ்சவங்க கார்ல போயிட்டாங்க. பட்டையும் ரெண்டு சட்டையும் ரூம்லயே கிடந்துச்சு. நான் அங்க ரூம் கிளீன் பண்றவ. ஒன்பது வருஷமா." அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் அக்காவும் அங்கதான் வேலை. அவதான் இந்தச் சட்டையப் போட்டுவிட்டு, பட்டையக் கையில கட்டிவிட்டு, பஸ்ஸுல தள்ளிவிட்டா. ஒரு பட்டைதான் இருக்கு, நீ போ, நான் மத்த வேலைக்காரங்களோட இருந்துக்கறேன்னா."

"ஏன், உங்களுக்கு பஸ் விடலையா?"

"பட்டியல்ல விருந்தாளிங்க பேர் மட்டும்தாங்க்கா. எங்கள லாண்டரி ரூம்ல இருக்கச் சொன்னாங்க. கட்டடம் ஸ்ட்ராங், ஒண்ணும் ஆகாதுன்னாங்க." போனை எடுத்துக் காட்டினாள். "விடிஞ்சதுலேர்ந்து போன் பண்றேன். லாண்டரில தண்ணி ஏறிடுச்சுன்னு அக்கா ஒரு தடவை பேசினா. அப்புறம் எடுக்கவே இல்ல."

சற்று முன்னால் கீழே கேட்ட அதே சொல். அதே லாண்டரி. இதற்கா சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு வந்தோம்? அதைவிடக் கேவலம், இந்தப் பெண்ணை வெளியே தள்ள ஆளையும் அழைத்துவிட்டோம். நடைபாதைக் கோடியில் லிஃப்ட் மணியடித்தது.

அக்கா படுக்கையைப் பார்த்தாள். ஆசையாகப் போட்ட படுக்கை. இரண்டு கையாலும் விரிப்பைப் பிடித்து உருவினாள். தலையணைகளை மூலைக்கொன்றாக எறிந்தாள். துண்டுகளை ஈரத்தரையில் போட்டு மிதித்தாள். முக்கோணத்தைப் பிய்த்து, காகிதச் சுருளை ஒரு முழம் தொங்கவிட்டாள். அந்தப் பெண்ணின் கை தன்னையறியாமல் விரிப்பின் மூலையைச் சரிசெய்யப் போனது.

"கைய வச்சே, ஒடிச்சிடுவேன்! படுடி. கெஸ்ட்டு எந்திரிச்சு நிக்க மாட்டாங்க. அவரு மூஞ்சியப் பாக்காதே. ஏதாவது குறை சொல்லு."

"என்ன குறைக்கா சொல்ல? எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நீயும் ஒரு கெஸ்ட்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டே கதவைத் திறந்தாள் அக்கா.

மேனேஜர் உள்ளே எட்டிப் பார்த்தார். புயல் முதலில் இங்கேதான் அடித்திருக்கிறது என்று நினைத்திருப்பார். அடையாள அட்டை கேட்க அவர் வாயெடுப்பதற்குள், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் முனகினாள்: "இந்தத் தலையணை ஒரே நாத்தம். யாரு போட்டது இதை?"

பத்தொன்பது வருஷத்தில் அக்காவின் தலையணையை ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. சுருக்கென்று தைத்தது. நாடகம்தான், ஆனாலும் நாற்றமா?

"மன்னிக்கணும் மேடம்" என்று மேனேஜர் பின்வாங்கினார். வெளியே வந்ததும் பல்லைக் கடித்தார். "மூலை மடிப்பு, முக்கோணம்னீங்க? உங்க சந்தேகத்துக்கு ஒரு அளவே கிடையாதா?"

"தப்புதான் சார். வேற ரூமை நினைச்சுச் சொல்லிட்டேன்." கேட்ட வசவிலேயே இதுதான் அவளுக்கு இனித்தது.

மூன்று மணிக்கு மழை கண்ணை மறைத்தது. விருந்தினர்கள் பெட்டி படுக்கையோடு ஏறினார்கள். இருநூற்றுப் பதினொன்றும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். கடைசி ஆள் ஏறும்வரை குடை பிடித்துக்கொண்டிருந்த அக்காவின் கண்ணில் மேனேஜரின் கார் பட்டது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு தலையணை, தண்ணீர் பாட்டில்கள். வருகிற போகிறவரையெல்லாம் துருவிய கண், இந்த ஒரு மனிதரை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

"சார், உங்க பெட்டி?"

"நான் ஹெட் ஆபீஸுக்குப் போயாகணும். நிலைமையச் சொல்லணும்ல?"

"அப்ப நாங்க?"

"அதான் சொன்னேனே. கட்டடம் ஸ்ட்ராங்."

"ஸ்ட்ராங்கான கட்டடத்தை விட்டுட்டு நீங்க ஏன் சார் ஓடறீங்க?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் தண்ணீரைப் பிளந்துகொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

அக்கா குடையை எறிந்துவிட்டு லாண்டரிக்கு ஓடினாள். ஐந்து பெண்கள், சலவைக்காரர், வாசல் காவலாளி எல்லாரும் மெஷின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். வடிகால் வழியாகப் பழுப்புத் தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்துகொண்டிருந்தது.

"போட்டது போட்டபடி வாங்க!"

"மேனேஜர் திட்டுவாருக்கா."

"திட்ட அவரு இருந்தாத்தானே! ஓடுங்கடி!"

பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் படியில் கையைக் குறுக்கே நீட்டினார். "பட்டை எங்க? பட்டை இல்லாம ஏத்தினா என் வேலை போயிடும்மா."

"பன்னெண்டு சீட்டு காலியா இருக்கே அண்ணே!"

"இருக்கட்டும். பட்டியல்ல பேர் இல்லையே."

முன்சீட்டிலிருந்து இருநூற்றுப் பதினொன்று எழுந்து வந்தாள். "இவங்கள்லாம் என் ஆளுங்க. ஏத்துங்க."

"எத்தனை பேரு மேடம்? எண்ணிக் கணக்கு எழுதணும்."

"எண்ணாதீங்க! எண்ணித்தான் அங்க ஆளுங்கள விட்டுட்டு வந்தீங்க. நான் வக்கீல். இதுல ஒருத்தரை விட்டாலும் கோர்ட்டுக்கு இழுத்துடுவேன். கைய எடுங்க."

டிரைவரின் கை தானாகக் கீழே இறங்கியது. பெண்கள் ஏறினார்கள், சலவைக்காரர் ஏறினார், காவலாளி ஏறினார். தண்ணீர் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாகப் படியில் கால் வைத்த அக்காவைப் பார்த்து டிரைவர் மறுபடி இழுத்தார். "இவங்க மாடி சூப்பர்வைசர் ஆச்சே மேடம். இவங்களும் உங்க ஆளா? இவங்க யாரு உங்களுக்கு?"

அந்தப் பெண் குனிந்து அக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள்.

"எங்க அக்கா" என்றாள். வாய்விட்டு அழுதுவிட்டாள்.

டிரைவர் விலகி வழிவிட்டார்.