கைதட்டினால் அலறும் பஸ்

ஆயுத பூஜைக்கு மறுநாள், முதல் ஷிஃப்ட் பாதியில், கம்பெனி வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார் ஏஞ்சல். கேட்டில் பையைத் துழாவிய செக்யூரிட்டியிடம், "நல்லா பாருண்ணா, கம்பெனியவே உள்ள போட்டுக்கினு போறேன்" என்றாராம். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் பல வருஷம் சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயப்பற்று வைத்தவர். அன்றைக்கு சூப்பர்வைசரிடம், "இது எதுக்குள்ள சார் போவுது?" என்று கேட்டிருக்கிறார். "பொம்மைக்குள்ள." "இன்னா பொம்ம?" அது சூப்பர்வைசருக்கும் தெரியவில்லை. ஏஞ்சல் சிரித்துக்கொண்டே ஏப்ரனைக் கழற்றிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் சனிக்கிழமை வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டரில் இயங்கும் பொம்மையை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே வடிவமைக்க வேண்டும். நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நான், வேடிக்கை பார்க்கப் போனேன். இவ்வளவு சத்தமான வகுப்பை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை.

"லைன் ஸ்டார்ட்!" என்பார் ஏஞ்சல், கம்பெனிப் பழக்கத்தில். முதலில் பொம்மையை வரைய வேண்டும். பிறகு அது எப்போது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். பிறகுதான் கம்ப்யூட்டர். ஒருவர் பொம்மையை இன்னொருவர் சோதித்து, சரியில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம். ஒருமுறை தலைமையாசிரியர் அருணாச்சலத்தின் முதுகில் ஒன்று ஒட்டியிருந்தது. யார் என்று ஏஞ்சல் விசாரிக்கவே இல்லை.

பரணிதரனின் முதலை, வாலைத் தொட்டால் "ஓ.டி. இருக்கு" என்று சொல்லும்.

"முதல எதுக்குடா ஓவர்டைம் பாக்குது?"

"எங்க நைனாவுக்கு போன் பண்ணா இதான் மிஸ் சொல்லுது."

"அப்ப கரெக்டுதான். அடுத்த ஆளு!"

அருணாச்சலத்துக்கு இதெல்லாம் பேஜார். "பெற்றோர் கூட்டம் வைப்போம். அவங்களுக்குப் பிடிச்சா வகுப்பு தொடரட்டும். இல்லேன்னா அந்த நேரத்துல கையெழுத்துப் பயிற்சி" என்றார்.

கூட்டத்துக்குப் பாதிப் பேர், அப்படியே கம்பெனி பஸ் ஏறிப் போக, இரண்டாம் ஷிஃப்ட் யூனிஃபார்மில், சாப்பாட்டுப் பையோடு வந்திருந்தார்கள். சோனியா தன் பஸ்ஸை மேசைமேல் வைத்தாள். கைதட்டினால் ஹாரன் அடிக்கும் பஸ். ஹாரன் நிஜமாக இருக்க வேண்டும் என்று கம்பெனி பஸ்ஸின் சத்தத்தையே ஏஞ்சல் போனில் பிடித்து ஏற்றியிருந்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். பஸ் அலறியது.

"ஐயோ, வண்டி வந்துட்ச்சு!" அவ்வளவுதான். பாதிக் கூட்டம் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடியது. ஒருவர் பக்கத்து ஆளின் செருப்பில் ஓடினார். தெரு காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். "அமைதி, அமைதி" என்று அருணாச்சலம் மேசையைத் தட்டினார். அதையும் கைதட்டலாக எடுத்துக்கொண்டு பஸ் மறுபடி அலற, இரண்டு பேர் மறுபடி ஓடினார்கள்.

"சென்சார் சூப்பரா வேல செய்யுது சார்" என்றார் ஏஞ்சல்.

"புள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லிக் குடுக்கச் சொன்னா, எங்கள வச்சு காமெடி பண்ணிக்கினு கீற" என்று சோனியாவின் அப்பா ஸ்டீபன் கத்தினார். பக்கத்து ஆளின் செருப்பில் ஓடியவர் அவர்தான். அன்றோடு வகுப்பு முடிந்தது.

அழுத சோனியாவிடம் ஏஞ்சல், "அழுவாத கண்ணு. கடைல விக்கிற பொம்ம எதுனா இத்தினி பேர ஓட வச்சிகீதா?" என்றார். ஆனால் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பள்ளித் தெருவை விட்டுச் சுற்றிப் போனார். கேட்டால், "நடந்தா ஒடம்புக்கு நல்லது" என்பார். வேறொரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை கிடைத்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு ஜோக்கும் சொன்னதில்லை.

மழைக்காலம் போய், வெயில் வந்து, பள்ளி மறுபடி திறந்தும் ஆயிற்று. ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் போனில் அருணாச்சலம் அனுப்பிய செய்தி வந்தது: 'பிள்ளைகள் என் மேசை விசிறியைப் பிரித்துவிட்டார்கள். பல்லி செய்ய மோட்டார் வேண்டுமாம். எனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. சனிக்கிழமை முதல் வரவும்.'

ஏஞ்சல் இரண்டு முறை படித்தார். "இன்னாத்துக்கு அவசரம்? கொஞ்ச நேரம் காயட்டும்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னொரு முட்டை தோசை சொன்னார். வலது கை தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இடது கை மட்டும் மடியிலிருந்த பைக்குள் போய் ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தது.